முத்துப்பேச்சி அக்கா தொகை சொன்ன வாரம்

பத்தாம் தேதி சாயங்காலம் ஆனால் முத்துப்பேச்சி அக்கா வீட்டில் பெரிய பாத்திரத்தில் டீ கொதிக்கும். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், அவர் வீடு கடைசிக்கு முந்தினது. எங்களுடையது கடைசி. அதனால் ஏலக்காய் வாசனை முதலில் எங்களுக்குத்தான் வரும். பத்துப் பேர் குடிக்கிற அளவு டீ. ஆனால் குடிக்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு அடுத்த வீட்டு விஷயங்கள் நன்றாகக் கண்ணில் படும். போன ஜனவரி பத்தாம் தேதி கேட்டேவிட்டேன்.

"காசு குடுக்க வாறவங்கள வெறும் வாயோடயா அனுப்ப முடியும்?" என்றார் அக்கா.

"யாருக்கா வருவாங்க?"

"பாத்ரூம் ஹீட்டர் சரி பண்ணிக் குடுத்தேன்ல, அந்த ரிசார்ட்டுக்காரங்க, ஹோம்ஸ்டேக்காரங்க."

"இதுக்கு முன்னாடி எப்ப வந்தாங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் வரல" என்றார்.

அவர் கணவர் சுடலைமணி ஜீப் ஓட்டுகிறவர். உள்ளே இருந்தபடியே, "டீத்தூள் செலவு மட்டும் மாசாமாசம் தேதி தவறாம வருது" என்றார்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்கள் அக்காவை விவரம் இல்லாதவர் என்று நினைக்கக் கூடாது. எங்கள் லயத்தில் அது ஒரு பழக்கம். ஒருவர் இன்னொருவருக்கு அயர்ன் பாக்ஸ் சரி பண்ணித் தருவார், ஜாக்கெட் தைத்துத் தருவார். எவ்வளவு என்று கேட்டால், "பாத்துக் குடுங்க" என்பதுதான் பதில். அந்த இடத்திலேயே காசு கைமாறாது. பத்தாம் தேதி தோட்டத்துச் சம்பளம் பேங்கில் ஏறும். அன்றைக்குச் சாயங்காலம் நாமே அவர் வீட்டுக்குப் போவோம். டீ தருவார். குடித்து முடித்துவிட்டு ரூபாயை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, குளிர் அதிகம் என்றோ யானை இறங்கியிருக்கிறது என்றோ பேசிக்கொண்டே எழுந்து வருவோம். தொகையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. அப்படியில்லாமல் ஒருவர் வாசலில் வந்து காசு கேட்டுவிட்டால் அது பெரிய அவமானம். பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது.

முத்துப்பேச்சி அக்கா பிறந்து வளர்ந்தது இந்த லயத்தில்தான். அம்மாவோடு சில வருஷம் கொழுந்து பறித்தார். பிறகு மூணாறில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்யப் போனார். டிசம்பர், ஜனவரியில் புல் மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் பாத்ரூமில் சுடுதண்ணீர் வராவிட்டால் வந்தவர்கள் வாடகையைத் திருப்பிக் கேட்பார்கள். அக்காதான் சமையலறையில் வெந்நீர் வைத்து, பக்கெட் பக்கெட்டாக மாடிக்குத் தூக்குவார். அப்படித் தூக்கும்போதெல்லாம் சுவரில் தொங்கும் ஹீட்டரின் அந்த வெள்ளை டிரம்முக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு கேள்வி அவருக்கு. ஆலுவாயிலிருந்து மெக்கானிக் வந்த அன்றைக்கு, டார்ச் பிடிக்கிறேன் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"உள்ள ஒரு கம்பி, ஒரு சுவிட்ச்சு, அவ்வளவுதான். இதுக்காடா நான் மாடி ஏறினேன்னு கோவமா வந்துச்சு" என்று என்னிடம் சொன்னார்.

பஞ்சாயத்து மூலம் அடிமாலியில் ஆறு மாதப் பயிற்சி நடந்தது. போய்ச் சேர்ந்தார். முதல் வருஷம் ஒரு வீட்டில் சுடு குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாட்டிவிட்டார். அந்த வீட்டுக்காரர் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பார். இருந்தாலும் அவரையேதான் கூப்பிடுகிறார். இப்போது இந்த மலையில் யார் வீட்டில் ஹீட்டர் நின்றாலும் முதல் போன் அக்காவுக்குத்தான்.

வேலை இருந்தது. இடம் இல்லை. ஹீட்டர்களை வீட்டு வாசலில் போட்டுத்தான் பிரிப்பார். நடைபாதையில் டிரம்கள் கிடந்தன. தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, மெதுவாகத்தான், ஆனால் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். இனி இங்கே இந்த வேலை கூடாது, அடுத்த தடவை வரும்போது டிரம் எதுவும் இருக்கக் கூடாது என்று.

அந்தச் சமயத்தில்தான் ஜங்ஷனில் சுவக்கீன் மாமாவின் கடை ரூம் ஒன்று காலியானது. சுவக்கீன் மாமா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரோட்டோரம் மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். முப்பதாயிரம் அட்வான்ஸ். ஹோம்மேட் சாக்லேட் விற்கிற ஒருவரும் அதே ரூமைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடியுற வரைக்கும் உனக்காகப் பாப்பேன். பெறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது புள்ள" என்றார் சுவக்கீன் மாமா.

அக்கா கையில் ஒன்பதாயிரம் இருந்தது. மிச்சம் பத்தாம் தேதி வந்துவிடும் என்று நம்பினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ரிசார்ட்டில் எட்டு ஹீட்டர் சரி செய்திருந்தார். சாமான்களைக்கூடத் தன் காசில்தான் வாங்கிப் போட்டிருந்தார். அந்தப் பத்தாம் தேதி புதன்கிழமை. டீ கொதித்தது. அதைத்தான் முதலில் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை அக்கா ரிசார்ட்டுக்குக் கிளம்பினார். காசு கேட்க அல்ல, சும்மா ஹீட்டர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாராம். அங்கே நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

மேனேஜர் ஜோபி கோட்டயத்துக்காரர். மூணாறு வந்து தமிழ் பழகியவர். "வாங்க சேச்சி. ஹீட்டர் எல்லாம் சூப்பர். ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல" என்றார்.

அக்கா நின்றார். ஜோபியும் நின்றார்.

"வேற என்ன சேச்சி?"

"நேத்து சம்பளத் தேதி."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எங்களுக்கு ஒண்ணாம் தேதி ஆச்சே" என்றார் ஜோபி.

அக்காவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. ஒருவழியாக அந்த எட்டு ஹீட்டர் வேலையைப் பற்றிச் சொன்னார். ஜோபி, "அதுதானே நானும் நோக்கிட்டு இருக்கேன். பில் எவிடே சேச்சி? ரெண்டு வாரமாச்சு. முதலாளி கேட்டப்ப, பில் வரலன்னு சொன்னேன்" என்றார்.

இவர் இங்கே டீயோடு காத்திருக்க, அவர் அங்கே பில்லுக்குக் காத்திருந்திருக்கிறார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எனக்கு இதில் அதுதான் ஆச்சரியம்.

ஜோபி ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். அக்கா அதில் தன் பெயர், தேதி, ரூம் நம்பர், எந்த ரூமில் என்ன மாற்றினார் என்பதெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தார். ஜோபி மேலிருந்து கீழே படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"துக எவிடே? எவ்வளவுன்னு எழுதலியே."

"பாத்துக் குடுங்க சார்."

"நான் என்ன பாக்க? இது எறணாகுளம் ஆபீசுக்குப் போகும். அங்க இருக்கவங்க உங்களையும் கண்டதில்ல, ஹீட்டரையும் கண்டதில்ல."

அக்காவுக்குக் காது சூடானதாம். சாமான் விலை தெரியும், கடை ரசீது இருக்கிறது. தன் கூலியை ஒரு எண்ணாக அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் முழிப்பதைப் பார்த்து, ஜோபி பழைய கம்பெனி ஒன்றின் பில்லை எடுத்துக் காட்டினார். அதில் கூலி தனி, சாமான் தனி, வந்து போனதற்கு என்று இன்னொரு தொகை தனி.

"வந்ததுக்கே காசா?"

"ஆமா. வந்து பாத்துட்டு, சரி ஆகாதுன்னு சொல்லிப் போனாலும் காசு."

"சரி பண்ணாமலா?" அக்கா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எண் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்ததாம். ஒரு ஹீட்டருக்குக் கூலி தொள்ளாயிரம் என்று எழுதினார். சாமானோடு சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூறு வந்தது. ஜோபி ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. ஆனால் வேறு ஒன்று சொன்னார்.

"வெள்ளிக்கிழமைதான் பேமென்ட் போடுவாங்க. புதன்கிழமைக்குள்ள பில் போயிருக்கணும். இன்னைக்கு வியாழன். இனி அடுத்த வெள்ளிதான். நேத்து வந்திருக்கலாமே சேச்சி."

"நேத்து டீ போட்டுட்டு இருந்தேன் சார்."

ஜோபிக்கு அது புரியவில்லை. ஆனாலும் ரிசார்ட்டின் சில்லறைச் செலவுக்கு வைத்திருந்ததில் அவரால் கொடுக்க முடிந்தது ஐயாயிரம். அதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பில்லின் நகலில், மீதி பதிமூவாயிரத்து நானூறு அடுத்த வெள்ளி என்று எழுதி சீல் வைத்துத் தந்தார்.

அக்கா திரும்பி வந்தபோது கவலையாக இல்லை, ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தவர் போல இருந்தார். "எல்லாருக்கும் பத்தாம் தேதி இல்ல பாத்தியா. அப்ப மத்தவங்களுக்கு என்னைக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒரு ஹோம்ஸ்டேவுக்குள் காசு எந்த நேரத்தில் நுழைகிறது? காய்கறி போடுகிறவர் கையில் எந்தக் கிழமை ரூபாய் இருக்கும்? தினமும் பார்க்கிற மனிதர்கள், இதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

இன்னும் இரண்டு பேர் தர வேண்டியிருந்தது. அக்கா நேராக அவர்களுக்குப் போன் போட்டு, "உங்க கைக்குக் காசு எப்ப வரும்?" என்று கேட்டார்.

ஹோம்ஸ்டே நடத்தும் பின்சி முதலில், ஏதோ கடன் கேட்கப் போகிறார் என்று பயந்துவிட்டார். பிறகு, ஆட்கள் ரூமைக் காலி பண்ணும்போது காலையில் கொடுப்பார்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை அக்கா சரியாக அந்த நேரத்துக்குப் பில்லோடு போனார். ஒரு குடும்பம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பின்சி கையில் நோட்டுகள். பில்லைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சேச்சி காசு வாங்குவீங்களா?"

"ஏன், வாங்காம?"

"நீங்க வாங்க மாட்டீங்கன்னு சர்ச்சில ஆளுங்க சொன்னாங்க. நான் உங்களுக்குன்னு ஒரு கிறிஸ்துமஸ் கேக் எடுத்து வச்சிருக்கேன்."

யார் அப்படிச் சொன்னது என்று பின்சிக்குத் தெரியவில்லை. இரண்டாயிரத்து அறுநூறை எண்ணிக் கொடுத்தார். கேக்கையும் கொடுத்தார். அது கல் மாதிரி ஆகியிருந்தது. டீயில் நனைத்து நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்.

அடுத்தது வட்டவடையில் குருசாமி. கேரட்டும் பூண்டும் போடுகிறவர், வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டி டூரிஸ்டுகளுக்கு விடுகிறார். காய் ஏற்றிய லாரி திரும்பி வரும் சனிக்கிழமைதான் தன் கைக்குக் காசு வரும் என்றார். அக்கா முந்தின நாளே பில்லைப் போனில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை சுடலைமணி ஓட்டும் ஜீப்பிலேயே ஏறிப் போனார். நானும் சும்மா கூடப் போனேன்.

குருசாமி பில்லைப் பார்த்து, "மூவாயிரத்து நானூறா? இருநூறு கொறச்சுக்கம்மா" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"தொகைன்னு ஒண்ணு சொல்லிட்டா பெறவு கொறைக்காம வாங்குறதா? நீ சொல்லாம விட்டிருந்தா நானே நாலாயிரம் குடுத்திருப்பேனோ என்னமோ."

"எப்பக் குடுத்திருப்பீங்க?" என்று சுடலைமணி ஜீப்பில் இருந்தபடியே கேட்டார்.

குருசாமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூவாயிரத்து இருநூறை எண்ணினார். ஒரு பை கேரட்டும் போட்டார்.

ஞாயிறு காலை அக்கா கையில் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு இருந்தது. பத்தாயிரத்துக்கு மேல் குறைகிறது. நாங்கள் ஜங்ஷனுக்குப் போனபோது சாக்லேட்காரர் ஏற்கெனவே காருக்குள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் முழுத்தொகையும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

பூசை முடிந்து சுவக்கீன் மாமா வந்தார். அக்கா பணத்தைக் கொடுத்தார். அதோடு ரிசார்ட்டின் சீல் வைத்த தாளையும் நீட்டினார்.

"இது என்ன?"

"மிச்சம் இதுல இருக்கு மாமா. வெள்ளிக்கிழமை வந்துரும். தேதி போட்டு சீல் வச்சிருக்காங்க."

"எல்லாரும் நோட்டு குடுப்பாங்க. நீ கடுதாசி குடுக்க" என்றார் அவர். ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

அக்கா இன்னொரு தாளையும் எடுத்தார். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கொடுத்தார். அது சுவக்கீன் மாமா பெயருக்கே எழுதிய பில். அக்டோபரில் அவர் வீட்டு ஹீட்டரைச் சரி பண்ணியதற்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

மாமா அதை இரண்டு தடவை படித்தார். "மூணு மாசமா ஏன் சொல்லல?"

"சம்பளத் தேதிக்கு வருவீங்கன்னு இருந்தேன்."

"எனக்கு ஏதுடி சம்பளம்? நான் ரிட்டயர் ஆயி ஆறு வருசமாச்சு. பாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. பெறவு வாயே தொறக்கல. சரி, புள்ள சும்மா செஞ்சு குடுத்துட்டுப் போயிருச்சுன்னு நெனச்சு, சர்ச்சு முழுக்க உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேனே."

பின்சியின் கேக் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடைப் பலகையைப் பார்ப்பது போல இருந்துவிட்டேன்.

மாமா காரில் இருப்பவரைப் பார்த்தார். கையில் இருந்த இரண்டு தாளையும் பார்த்தார். "அப்ப என் பில்லு இதுல கழியும். நீ தர வேண்டியது எட்டாயிரத்து முன்னூத்தம்பது" என்றார். அவர் மனக்கணக்கு வேகமானது. பிறகு ஷட்டருக்குப் பக்கத்தில் போனார். அதற்கு இடது பக்கம் ஒரு பூட்டு, வலது பக்கம் ஒரு பூட்டு. இடது பூட்டைத் திறந்து அந்தச் சாவியை அக்கா கையில் வைத்தார். வலது சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு வரலன்னா சனிக்கிழமை சாக்லேட்டு."

இதைச் சாக்லேட்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் காரைக் கிளப்பினார்.

அந்த வாரம் முழுக்க அக்கா ஒரு பக்கம் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் டூல் பையோடு உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் கேலி செய்தார்கள். "பாதிக் கடையா முத்து?" என்றார் ஒருவர். "பாதிதான், ஆனா கூலி முழுசு" என்றார் அக்கா. அங்கேயே இரண்டு வேலை வந்தது. இரண்டு பேரிடமும் பையைத் திறக்கும் முன்பே தொகையைச் சொன்னார். முதல் ஆளிடம் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிப்போனதால் அந்த ஆள், "என்னது?" என்று கேட்டார். இரண்டாவது ஆளுக்கு ஒரே தடவையில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை போன் சத்தம் போடவில்லை. அக்கா அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்று மணிக்கு மேல் அவரே ஜோபிக்குப் பேசினார். காசு விஷயமாக ஒருவருக்கு அவராகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஜோபி எறணாகுளத்தைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். அக்கவுன்ட் நம்பரில் ஒரு எண்ணை அங்கே மாற்றி அடித்திருக்கிறார்கள், பணம் திரும்பிவிட்டது, கேட்டது நல்லதாயிற்று, இப்போதே சரி பண்ணி அனுப்பச் சொல்கிறேன் என்றார். கேட்காமல் இருந்திருந்தால்?

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மெசேஜ் வந்தது. சுவக்கீன் மாமா ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஏற்கெனவே எதிர்க் கடையில் நின்றிருந்தார். அக்கா போனைக் காட்டினார். அவர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "சரி, நீ சொல்றத நம்புறேன்" என்று சாவியை எடுத்தார். வலது பூட்டு துருப்பிடித்து, அக்காவின் ஸ்க்ரூடிரைவர் போட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது.

"இதுக்கு எவ்வளவு புள்ள?" என்றார் மாமா.

"நூறு" என்றார் அக்கா. மாமா நிஜமாகவே நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ரிசார்ட் பில்லெல்லாம் செவ்வாய்க்கிழமையே போய்விடுகிறது. பின்சிக்குக் காலையில், குருசாமிக்கு லாரி திரும்பும் நாளில். டிரம் எதுவும் லயத்து நடைபாதையில் இல்லை.

ஆனால் பிப்ரவரி பத்தாம் தேதி சாயங்காலம் மறுபடியும் ஏலக்காய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். பாத்திரம் சின்னது. எதிர் வரிசை சுருளியம்மாள் பெரியம்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் அயர்ன் பாக்ஸை அக்கா சரி பண்ணிக் கொடுத்திருந்தார். பெரியம்மா யானை இறங்கியதைப் பற்றிச் சொல்லி முடித்து எழுந்து போனார். டம்ளரைத் தூக்கினால் அடியில் இருநூறு ரூபாய்.

"இவங்களுக்கு மட்டும் ஏன்க்கா தொகை சொல்லல?" என்று கேட்டேன்.

"அவுகளுக்குத்தான் பத்தாம் தேதி சம்பளமாச்சே" என்று சொல்லிவிட்டு, அக்கா எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றினார்.